இலையுதிர் காலத்தில் ஒரு மோட்டார்ச் சயிக்கிள் யாத்திரை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று மாலை பேசுவதற்கு எனக்குத் தரப்பட்ட விஷயம் உங்களிற் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். இந்த மேடையிலே புராணத்தைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் பேசக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, ஐரோப்பாவிலே மோட்டார்ச் சயிக்கிளில் ஊர் சுற்றிய கதை எதற்கு என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. ஆயினும் செயலாளர் என்னை விடவில்லை. "நீர் போய்வந்த கதையைச் சொல்லும், ஆனால் கதையோடு நிறுத்தாமல், ஒரு நீண்ட பிரயாணத்துக்கு எப்படி ஆயத்தஞ் செய்வது என்பதையும் சொல்லும், எங்கள் பிள்ளைகள் பலர் இன்று அந்தத் தேசங்களிலே தானே இருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. ஆகவே இங்கே நிற்கிறேன்.

ஜேர்மனியிலே ஸ்ருட்காட் என்னும் நகரத்தில் ஆறு வருடங்கள் வேலை செய்தேன். அந்த நகரத்தின் ஒரு பகுதி கான்ஸ்டாட். முன்பு அது தனி ஊராக இருந்தது. அங்கேதான் 1885ஆம் ஆண்டிலே கொட்லீப் டைம்லரும் வில்கெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்திலே சிறிய பெற்றோல் எஞ்சின் ஒன்றைப் பூட்டி, உலகத்தின் முதலாவது மோட்டார்ச் சயிக்கிளைச் செய்தார்கள். அதன் வலு அரைக் குதிரைவலு. அவ்வருடம் நவம்பர் மாதத்திலே அது முதன்முதலாக வீதியில் ஓடிற்று. எஞ்சினின் சூட்டினால் வழியிலே இருக்கை தீப்பற்றிக்கொண்டதென்றுங் கூறுவர். சபையோரே, உலகத்தின் முதல் மோட்டார்ச் சயிக்கிள் பிரயாணம் ஐரோப்பாவின் இலையுதிர் காலத்திலேதான் நடந்தது என்பதையும், அப்பிரயாணத்திலேயே திட்டத்தில் ஒரு குறை இருந்தது என்பதையும் கவனியுங்கள்! எங்கள் முதற் பிரயாணமும் அப்படித்தான் ஆயிற்று.

அந்த ஊரில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். வடமராட்சிப் பக்கத்தவர், என்னிலும் ஒன்பது வயது மூத்தவர். அவரை நான் அண்ணை என்றே அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். இருவரிடமும் மோட்டார்ச் சயிக்கிள் இருந்தது. ஒரு வருடம் ஐப்பசி மாதத்தில் இருவருக்கும் சேர்ந்தாற்போலப் பன்னிரண்டு நாள் லீவு கிடைத்தது. நான் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் ஒரு வட்டம் கீறினேன். வியன்னா, வெனிஸ், அங்கிருந்து அல்ப்ஸ் மலையின் ஸ்ரெல்வியோக் கணவாய், பின் மிலான், மத்தியதரைக் கடற்கரை, பிரான்சு, திரும்ப ஸ்ருட்காட். எல்லாமாக ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர். பன்னிரண்டாற் பிரித்தால் நாளொன்றுக்கு நானூறு சொச்சம். "இது என்ன பெரிய தூரம்?" என்று நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வோர் இரவுக்கும் அறை ஒழுங்குசெய்து, பணத்தையுங் கட்டிவிட்டேன்.

ஒக்டோபர் 12ஆம் திகதி புறப்பட்டோம். நான்காம் நாள் முடிவதற்குள்ளேயே ஒரு நாட் பயணம் பின்தங்கிவிட்டோம். ஐந்தாம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு ஸ்ரெல்வியோவின் அடிவாரத்திலுள்ள பிராட் என்னும் கிராமத்தை அடைந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கணவாய்க்கு அப்பாலுள்ள போர்மியோவிலே எங்கள் அறைக்குக் கட்டிய பணம் என்னை இழுத்தது. "இன்றைக்கு ஏறிவிடுவோம் அண்ணை" என்றேன். அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் பேசாமல் எஞ்சினைத் தட்டினார். திராபோய் என்னும் ஊருக்கு மேலே வீதியின் குறுக்கே தடை போட்டிருந்தார்கள். மேலே பனி கொட்டுகிறது; வழி இல்லை. திரும்பி இறங்கும்போது இருட்டிவிட்டது. அவசரம் வேறு. ஒரு வளைவிலே நனைந்த சருகு வீதியை மூடிக் கிடந்தது. எனக்கு முன்னே சென்ற அண்ணையின் முன்சில்லு அதிலே வழுக்கிற்று.

நான் 112 என்னும் இலக்கத்துக்கு அழைத்தேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளெங்கும் ஆபத்துக்கு அழைக்க வேண்டிய பொது இலக்கம் அதுவே. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையிலே காறை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அண்ணை பகல் வேலைக்கு மேலாக மாலையிலும் ஓரிடத்தில் வேலை செய்து, அந்தப் பணத்தைத்தான் ஊரிலுள்ள தாயாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த மாலை வேலை இரண்டு மாதத்துக்கு நின்றுபோயிற்று. தாயாரிடம் தொலைபேசியிலே, "குளிர் பிடிச்சிட்டுது அம்மா, வேற ஒண்டுமில்லை" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்திலே நின்றேன். எனக்கு அன்றைக்குப் பட்ட வெட்கம் சொல்லுந்தரமன்று. இரண்டு மாதப் பணத்தையும் நான் கொடுக்க முன்வந்தேன். பாதியை வாங்கிக்கொண்டு, "மற்றப் பாதி என்ர பிழை, வானத்தைப் பார்த்தும் பேசாமல் ஏறினனான்" என்றார்.

அடுத்த வருடம் பங்குனி மாதத்தில் ஒருநாள் அவரே என் வீட்டுக்கு வந்தார். மேசையில் ஒரு கொப்பியை வைத்தார். "தம்பி, போனமுறை நீர் கீறினது வட்டம். இந்தமுறை நான் கேள்வி கேட்கிறன். நீர் மறுமொழி எழுதும். மறுமொழி இல்லாத கேள்வி ஒண்டு இருந்தாலும் நான் வரேன்" என்றார். அவர் கேட்டவை ஐந்து கேள்விகள். இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஐந்து கேள்விகளும் நாங்கள் தேடி எழுதிய மறுமொழிகளுமே.

முதலாவது கேள்வி: எப்போது, எந்தத் திசையில்?

நமது யாழ்ப்பாணத்திலே ஆண்டு முழுவதையும் எடுத்தாலும் பகலின் நீளம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் மாறும். ஆகவே பகல் குறுகும் என்பது நமக்குப் புத்தகத்தில் உள்ள விஷயம். உடம்பில் ஊறிய விஷயமன்று. அல்ப்ஸ் மலைப் பகுதியிலோ செப்ரெம்பர் 23ஆம் திகதியளவில் பன்னிரண்டு மணித்தியாலமாக இருக்கும் பகல், ஒக்டோபர் முடிவிலே பத்து மணித்தியாலமாகிவிடும். நாளொன்றுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வெளிச்சம் கழிகிறது. அதற்கும் மேலாக ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நேற்று ஆறு மணிக்கு மறைந்த சூரியன் இன்று ஐந்து மணிக்கு மறைந்துவிடும்.

உயர்ந்த கணவாய்களுக்குத் தனியான பஞ்சாங்கம் உண்டு. ஒஸ்திரியாவிலே 1935ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குறோஸ்குளொக்னர் மலைவீதி 48 கிலோமீற்றர் நீளமும் 36 கொண்டைவளைவுகளும் உடையது. அது மே மாதத் தொடக்கத்திலிருந்து நவம்பர் மாதத் தொடக்கம் வரையுமே திறந்திருக்கும், இரவிலே அடைக்கப்படும். ஸ்ரெல்வியோவும் குளிர்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும். ரோமேனியாவிலே 1974இல் திறந்த திரான்ஸ்பகறசான் வீதியும் சாதாரணமாக ஒக்டோபர் முடிவிலிருந்து ஜூன் முடிவு வரை மூடிக் கிடக்கும். அந்தத் திகதிகளையும் முழுமையாக நம்பலாகாது. செப்ரெம்பரிலேயே ஓரிரவில் பனி கொட்டி இரண்டு நாள் வழி அடைபடுவதும் உண்டு. கார்த்தேஜ் நாட்டுச் சேனாபதி ஹனிபல் கி.மு. 218இல் தன் படையோடும் யானைகளோடும் அல்ப்ஸ் மலையைக் கடந்தது இதே பருவத்திலேதான். புதிய பனியிலே மனிதரும் விலங்குகளும் வழுக்கி வீழ்ந்ததைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டாயிரத்து இருநூறு வருடமாக அந்த மலைகள் தம் குணத்தை மாற்றவில்லை.

இவற்றையெல்லாம் பார்த்தபின் விடை தானாக வந்தது: முதலில் மலை, பிறகு கடல். செப்ரெம்பர் நடுப்பகுதியிலே புறப்பட்டு, வெளிச்சமும் வெப்பமும் மிஞ்சியிருக்கும்போதே உயரத்தைக் கடந்துவிட வேண்டும். ஒக்டோபரிலே, கோடைச் சூட்டை இன்னும் வைத்திருக்கும் மத்தியதரைக் கடற்கரையில் இருக்க வேண்டும். திரும்பும்போது கணவாய் எதையும் நம்பாமல், பிரான்சிலே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடக்கு நோக்கி ஏறி, கடிகாரம் மாறுவதற்கு முன் வீடு வந்து சேர வேண்டும். முதல் வருடத்திலே இந்தச் சமயத்தில்தான் நாங்கள் மலைக்குள் நுழைந்தோம்! செய்த பிழை எவ்வளவு எளிதானது என்று பாருங்கள்.

பருவத்தோடு ஊர்களின் விழாக்களையும் பார்க்க வேண்டும். மியூனிக் நகரத்தின் ஒக்டோபர் விழா பெயருக்குத்தான் ஒக்டோபர், செப்ரெம்பரிலேயே தொடங்கிவிடும். அந்நாட்களில் அங்கே அறை எடுப்பது கைப்பணத்தை ஆற்றிலே போடுவதற்குச் சமானம். நாங்கள் அந்நகரத்தை விலத்திச் சென்றோம். மறுபுறம், கோடை மேய்ச்சல் முடிந்து மாடுகளை மலையிலிருந்து இறக்கிவரும் நாட்களும் செப்ரெம்பரிலேதான் வரும். தலையிலே பூவும் இலையும் சூட்டி, கழுத்திலே பெரிய மணிகளைக் கட்டி வீதி வழியே அழைத்து வருவார்கள். நமது பட்டிப்பொங்கலைக் கண்ட கண்ணுக்கு அது பெரும் விருந்து. அன்றைக்கு அவ்வீதியிலே ஒரு மணித்தியாலம் தாமதிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: நாளொன்றுக்கு எவ்வளவு தூரம்?

பெரும்பாதையிலே மணிக்கு நூறு கிலோமீற்றர் போகும் வண்டி, மலையிலே மணிக்கு நாற்பது போனாற் பெரிது. ஸ்ரெல்வியோவின் பிராட் பக்கத்திலே மாத்திரம் 48 கொண்டைவளைவுகள் இருக்கின்றன. 1820க்கும் 1825க்குமிடையில் கார்லோ டொனெகானி என்னும் எஞ்சினியர், குதிரை வண்டிகள் ஏறுவதற்காக அமைத்த வீதி அது. தூரத்தைக் கிலோமீற்றரால் அளப்பதை விட்டு, வெளிச்சத்தால் அளக்கப் பழகினோம். காலையிலே ஒன்பது மணிக்கு முன் மலைவீதியிலே நிழல் விழும் இடங்களில் ஈரமும் உறைபனியும் இருக்கும். மாலையிலே சூரியன் தாழ்ந்து நேரே கண்ணில் அடிக்கும். இருளும் வேளையிலே மான்கள் வீதியைக் கடக்கும். ஆகவே ஒன்பதிலிருந்து நான்கரை வரையுமே ஓடுவது என்று விதி செய்தோம். உணவுக்கும் ஓய்வுக்கும் கழித்தால், கையிலே மிஞ்சுவது ஐந்து மணித்தியாலம். மலையிலே அது 150 அல்லது 200 கிலோமீற்றர், சமவெளியிலே 300.

இந்தக் கணக்கின்படி ஐந்து வார லீவிலே, 35 நாட்களில், 22 நாள் ஓட்டமும் 13 நாள் தரிப்பும் என்று வகுத்தோம். மொத்தம் ஏறக்குறைய 4,500 கிலோமீற்றர். முதலாண்டிலே பன்னிரண்டு நாளில் 5,000 என்று கீறியவன், இப்போது முப்பத்தைந்து நாளில் 4,500 என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் மானக்கேடாகவே இருந்தது. அண்ணை கொப்பியைப் பார்த்துவிட்டு, "இதுதான் எங்கட கைக்கும் காலுக்கும் ஏற்ற கணக்கு" என்றார்.

மூன்றாவது கேள்வி: குளிருக்கும் மழைக்கும் என்ன செய்வது?

ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குளிர் கூடும். பிராட் கிராமம் கடல் மட்டத்துக்கு மேலே 900 மீற்றரளவிலும், கணவாயின் உச்சி 2,757 மீற்றரிலும் இருக்கின்றன. அடிவாரத்திலே பன்னிரண்டு பாகை என்று சுகமாகத் தேநீர் குடிப்பவனுக்கு, உச்சியிலே தண்ணீர் உறையும் பூச்சியப் பாகை காத்திருக்கிறது. ஓடும் வண்டியின் காற்று இன்னொரு பகை. காற்றின் வெப்பநிலை ஐந்து பாகையாக இருந்தாலும் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திலே வெறுந்தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகை போல உறைக்கும். குளிர்ந்த விரல் பிறேக்கைப் பிடிக்க ஒரு விநாடி தாமதித்தால், 60 கிலோமீற்றர் வேகத்திலே வண்டி அந்த ஒரு விநாடியில் 17 மீற்றர் ஓடிவிடும். கையுறை அலங்காரமன்று, அதுவும் பிறேக்கின் ஒரு பகுதியே.

ஆகவே ஒரே தடித்த சட்டைக்குப் பதிலாக, உள்ளே வியர்வையை வெளிவிடும் மெல்லிய உடுப்பு, நடுவிலே கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத மேலுடுப்பு என மூன்று அடுக்காக எடுத்தோம். கையுறை ஆளுக்கு இரண்டு சோடி. ஒன்று நனைந்தால் மற்றது. வண்டிகளுக்குச் சூடேறும் கைப்பிடி பூட்டினோம். மாற்றுடுப்பை ஒரு கிழமைக்குமேல் எடுப்பதில்லை. தோய்ப்பதற்குத்தான் தரிப்பு நாட்கள் இருக்கின்றனவே.

வண்டியைப் பற்றியும் நாலு வார்த்தை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன் ரயரைப் பார்க்க வேண்டும். பாதித் தேய்ந்த ரயரோடு புறப்படலாகாது. மழைநீரை வெளியே தள்ளுவது ரயரின் வெட்டுக்களே. பிறேக் கட்டை, பற்றரி, விளக்கு என்பன அடுத்தவை. செயினுக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றருக்கு ஒருமுறையும், மழையில் ஓடிய ஒவ்வொரு நாள் மாலையும் எண்ணெய் இட்டோம். எங்கள் வண்டிகள் நூறு கிலோமீற்றருக்கு நாலரை லீற்றர் பெற்றோல் குடிப்பவை. முழுப் பயணத்துக்கும் வண்டியொன்றுக்கு 200 லீற்றர் என்று பணம் ஒதுக்கினோம். புதிதாக வண்டி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் பிறேக் முறை, 125 சீ.சீ.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2016 தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்திலே கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டி வாங்குபவர்கள் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் நனைந்த சருகிலே வளைவில் சரிந்திருக்கும் வண்டியை எந்தப் பிறேக்கும் காப்பாற்றாது. சருகைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்திப் பிடித்துச் செல்ல வேண்டும்.

நான்காவது கேள்வி: கடதாசிகள் எல்லாம் உண்டா?

இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவருக்கு ஷெங்கன் விசா அவசியம். இன்று 29 நாடுகள் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. குரோசியா 2023இலும், ரோமேனியாவும் பல்கேரியாவும் 2025 தொடக்கத்திலே முழுமையாகவும் சேர்ந்தன. எந்த 180 நாட்களை எடுத்தாலும் அவற்றுள் 90 நாட்களுக்குமேல் தங்கலாகாது. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியக் காப்புறுதியும் வேண்டும். ஜேர்மனியில் வதிவிட அனுமதி இருந்தபடியால் எங்களுக்கு அந்த விசாத் தொல்லை இருக்கவில்லை. ஆனால் இங்கிருந்து போகும் பிள்ளைகள் இதை முதலில் முடிக்க வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்திலே மோட்டார்ச் சயிக்கிள் வகுப்பு இருக்க வேண்டும். சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்தாலும், நமது மூலப் பத்திரத்தையுங் கூடக் கொண்டுசெல்ல வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது செல்லாது.

வண்டியின் காப்புறுதிக்குச் சான்றாகப் பச்சை அட்டை என்று ஒன்று உண்டு. 2020 தொடக்கம் அதை வெள்ளைத் தாளிலும் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். பெயர் மாத்திரம் இன்னும் பச்சை. பெரும்பாதைக் கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு. சுவிற்சர்லாந்திலே வருடத்துக்கு 40 பிராங். மோட்டார்ச் சயிக்கிளுக்கும் அதே தொகை. ஒஸ்திரியாவிலே குறுகிய காலத்துக்கும் வாங்கலாம். இத்தாலியிலும் பிரான்சிலும் ஓடிய தூரத்துக்குக் காசு. ஜேர்மனியிலே மோட்டார்ச் சயிக்கிளுக்குக் கட்டணம் இல்லை. இன்னொன்று: அங்கே வீதியின் வலப்பக்கத்தாற் செல்ல வேண்டும். களைத்த மாலையிலும், ஆளில்லாத கிராம வீதியிலுந்தான் நமது பழைய இடப்பக்கப் பழக்கம் தலைகாட்டும். அண்ணை தம் வண்டியின் கைப்பிடி நடுவிலே "வலம்" என்று தமிழிலே எழுதி ஒட்டியிருந்தார். அதை வேடிக்கை பார்த்த ஜேர்மன்காரர் பலர்.

அறைகளைப் பற்றி: முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் மாத்திரம் முன்கூட்டியே ஒழுங்குசெய்தோம். மற்றவற்றை அன்றன்று மதியத்திலே, பணம் இழக்காமல் மாற்றக்கூடிய முறையிலே எடுத்தோம். முதலாண்டிலே எங்களைப் பனிக்குள் இழுத்தது போர்மியோவில் கட்டிய பணமல்லவா? ஒரு விஷயம் மட்டும் கவனம். மலைப்பக்கத்துக் கூடார முகாம்களும் விடுதிகளும் பல ஒக்டோபரிலே மூடிவிடும். ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிற் கடைகள் பெரும்பாலும் பூட்டு. சனிக்கிழமையே பாணும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது கேள்வி: எங்கே திரும்புவது?

இதை அவர் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. "திரும்புகிறதென்றால் வீட்டுக்கோ அண்ணை?" என்றேன். "இல்லைத் தம்பி. ஒவ்வொரு மலைக்கும் முன்னால, எந்த இடத்தில நிண்டு யோசிக்கிறது, எதைக் கண்டால் ஏறாமல் விடுகிறது, விட்டால் எந்த வழியாப் போகிறது. அதை இப்பவே, இந்த மேசையில இருந்து எழுதவேணும். மழையில நிண்டு எழுத ஏலாது" என்றார்.

அன்பர்களே, இந்த ஐந்தாவது கேள்விக்கு மறுமொழி எழுதவே எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. குறோஸ்குளொக்னர் மூடியிருந்தால் எந்தச் சுரங்கவழி. டொலமைற் மலைகளில் மழையென்றால் எந்தப் பள்ளத்தாக்கு. போ ஆற்றுச் சமவெளியிலே காலைமூடுபனி இருந்தால் எத்தனை மணிவரை காத்திருப்பது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். 1,370 மீற்றர் உயரமுள்ள பிரென்னர் கணவாய் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதால், மலைக்குள்ளே அகப்பட்டால் வடக்கே தப்பிவர அதுவே கதவு என்று குறித்தோம். ஸ்ரெல்வியோவுக்கு எழுதிய வரி இது: "பிராட்டில் முதல்நாள் இரவு தங்குக. காலை ஒன்பது மணிக்கு அடிவாரத்து அறிவிப்புப் பலகையைப் பார்க்க. மூடியிருந்தாலும், மழை பெய்தாலும், வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இருந்தாலும் ஏறுவதில்லை. மாற்றுவழி: போட்சன் ஊடாகக் கார்டா ஏரி. விவாதம் இல்லை." கடைசி இரண்டு சொற்களையும் அண்ணை தம் கையாலே எழுதினார்.

செப்ரெம்பர் 15ஆம் திகதி புறப்பட்டோம். குறோஸ்குளொக்னர் வீதியின் 2,504 மீற்றர் உயரத்திலுள்ள ஹொக்ரோரை நல்ல வெயிலிலே கடந்தோம். டொலமைற் மலைகளின் வெளிறிய பாறைகள் மாலை வெயிலில் சிவப்பதை இரண்டு நாட்கள் இருந்து பார்த்தோம். பின்பு பிராட் வந்து சேர்ந்தோம். மறுநாட் காலை ஒன்பது மணி. பலகையிலே "திறந்திருக்கிறது" என்றே இருந்தது. ஆனால் மழை தூறிக்கொண்டிருந்தது. வெப்பமானி எட்டுப் பாகை காட்டிற்று. எங்கள் கண்ணெதிரே ஐந்தாறு மோட்டார்ச் சயிக்கிள்கள் மேலே ஏறிச் சென்றன. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு வருடமாக நான் கனவு கண்ட வீதி அது. முதலாண்டு அவமானத்தைத் துடைக்க வேண்டிய இடமும் அதுவே என்று நினைத்திருந்தேன். அண்ணை என் முகத்தைப் பார்த்தார். இம்முறையும் ஒன்றும் பேசவில்லை. இம்முறை நான்தான் பேச வேண்டும் என்பது எனக்கு விளங்கிற்று. கொப்பியைத் திறந்து வரியைப் படித்தேன். "கார்டா" என்றேன். அவர் எஞ்சினைத் தட்டினார்.

மேலே ஏறிச் சென்றவர்களுக்கு ஒரு தீங்கும் நேர்ந்திருக்காது. அவர்கள் சுகமாகவே இறங்கியிருப்பார்கள். அதை நான் மறைக்கவில்லை. திட்டம் சரியா பிழையா என்பதை அன்றைய ஒரு நாளின் பலனைக் கொண்டு அளப்பது எங்கள் நோக்கமன்று. எழுதிய வரிக்கு இருவரும் கட்டுப்பட்டோம். அதனால் மீதி நான்கு வாரமும் ஒருவரையொருவர் நம்பி ஓடினோம். ஜெனோவாக் கடற்கரையிலும், தென் பிரான்சிலே திராட்சை அறுவடை முடிந்து இலைகள் சிவந்த தோட்டங்களினூடாகவும், பாசிலோனா வரை சென்று, ரோன் பள்ளத்தாக்கினூடே ஒக்டோபர் 20ஆம் திகதி, பகல் வெளிச்சத்திலேயே ஸ்ருட்காட் வந்து சேர்ந்தோம். ஸ்ரெல்வியோவின் உச்சியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

பாசிலோனாவிலே தரித்து நின்ற ஒரு நாள், கடற்கரையில் இருந்து அண்ணை தாயாருடன் தொலைபேசியிற் பேசினார். அன்றைக்குத்தான் முதலாண்டு விழுந்ததையும் எலும்பு முறிந்ததையும் சொன்னார். தாயார் சிறிது நேரம் பேசவில்லையாம். பின்பு, "இப்ப எங்க நிக்கிறாய்? அங்க இருட்டிப் போச்சோ?" என்று மாத்திரம் கேட்டாராம். "இல்லை அம்மா, இன்னும் வெளிச்சம் நிறைய இருக்கு. வண்டியும் விட்டாச்சு" என்றார்.

இளைஞர்களே, தூர தேசங்களுக்குப் போங்கள். மலைகளையும் கடல்களையும் பாருங்கள். போகுமுன் அந்தக் கேள்விகளை ஒரு கொப்பியிலே எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவதை முதலில் எழுதினாலும் நல்லது.